பக்கம் புரளும் சத்தம்

ஜனவரி 8

பூதக்கண்ணாடிக்கு அண்ணியின் அன்பு.

இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் அது பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் மட்டும்தான் வருகிறது என்பதால் நீ கவலைப்பட வேண்டாம். உன் உடம்பு எப்படி? தொழிற்சாலையில் இன்னும் அதே மேசைதானா, இல்லை உன் வாய்க்குப் பயந்து மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்களா?

நல்ல சேதி ஒன்று. ஆயிரங்கால் விண்கப்பல் வரிசையின் இருபத்தேழாவது நாவல் நேற்று வந்துவிட்டது. பெயர் 'உப்பு நிலவு'. ஏற்கெனவே பதினோரு பேர் ஒரே பொதுவிதிகளுக்குக் கட்டுப்பட்டு மாற்றி மாற்றி எழுதுகிற கப்பலில் பன்னிரண்டாவதாக ஒரு புது எழுத்தாளர் ஏறியிருக்கிறார். இந்தத் தடவை முதலில் படிப்பது என் முறை. நான் பென்சிலில் ஓரக்குறிப்பு எழுதி அனுப்புவேன், நீ நீல மையில் என்னைத் திட்டுவாய். ஒரே பிரதி, இரண்டு பேர். பதினாறு வருஷமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நாலு பக்கம் ஓடுகிறது. நேற்று ஆயிரம் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கப்பல் நிலவைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் லயித்துப்போய், ஏழாம் மேடை வண்டியை அறிவிக்கவே மறந்துவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, நான் கிளம்பவா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணவா?"ன்னு கேட்டார். அப்புறம்தான் பூமிக்கு வந்தேன்.

உன் ஆள் திசைக்காரி முதல் பக்கத்திலேயே வந்துவிட்டாள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் குறை சொல்கிறாள். உன்னையே பார்த்த மாதிரி இருக்கிறது. மீதியைச் சொல்ல மாட்டேன்.

பதில் போடு.

அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எழுதுகிறார். நான் இப்போது குப்புறப் படுத்திருக்கிறேன்.

போன வாரம் மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கியது. கண்ணுக்குள்ளே விழித்திரை கிழிந்துவிட்டதாம். திங்கட்கிழமை பார்த்தார்கள், செவ்வாய்க்கிழமை கத்தி வைத்துவிட்டார்கள். நான் மறைக்கவில்லை, நேரமில்லை. உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது விழித்திரையை ஒட்டவைக்க வேண்டுமாம். அதற்காக இரண்டு வாரம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். மூன்று மாதம் படிக்கக் கூடாது. பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணனிடம் உடனே சொல்லிவிடுங்கள். மறைக்கிற வேலை எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். அப்பா படுக்கையில் விழுந்ததை, "அவ பரீட்சை முடியட்டும்"னு அவன் மறைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நான் அவனோடு பேசவில்லை. என் நல்லதுக்கு என்று யாரும் எதையும் முடிவு பண்ண வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். 'உப்பு நிலவு' மூன்று மாதம் காத்திருக்காது, நானும் காத்திருக்க மாட்டேன். அக்கா வீட்டில் டேப் ரிக்கார்டர் இருக்கிறது. நீங்கள் வாசித்து கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். ஒரு வரி விடக் கூடாது.

(எழுதுவது தையல்காரி. ஆயிரம் கால் உள்ள கப்பல் எதற்கு ஆகாயத்தில் போகிறது என்று கேட்டேன். கண் நோயாளி ஒரு மணி நேரம் விளக்கினாள். எனக்குப் புரியவில்லை. சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், கவலை வேண்டாம்.)

உங்கள் பூதக்கண்ணாடி


பிப்ரவரி 2

பூதத்துக்கு,

அண்ணன் வந்து நாலு நாள் இருந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினதும்தான் எனக்கு மூச்சு வந்தது. "எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "குப்புறப் படுத்துக்கிட்டே என் சட்டையில பட்டன் மாறிப் போட்டிருக்குன்னு சொன்னா"ன்னார். அப்படியானால் சரியாகிவிடுவாய்.

நாலு கேசட் இதோடு வருகிறது. எட்டு அத்தியாயம். வீட்டில் உன் அண்ணன் செய்தி கேட்கிற சத்தத்தில் பதிய முடியவில்லை, அதனால் மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கூண்டிலேயே வாசித்தேன். நடுநடுவே பேருந்து அறிவிப்பும் பதிந்துவிட்டது, பொறுத்துக்கொள். பதினெட்டு வருஷமாக வண்டி நேரம் சொன்ன குரல் இது. இதில் காதல் வசனத்தைக் கேட்டால் எந்த மேடைக்கு வருகிறது என்றுதான் தோன்றும்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போதே கூண்டுக் கண்ணாடி அதிரும். அதில் விரலை வைத்துப் பழகி, எந்த வண்டி என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவேன். கேசட்டில் டர்ர்ர் என்று கேட்டால் உன் டேப் ரிக்கார்டரைத் திட்டாதே.

தலையைக் குனிந்தே வைத்துக்கொள். வாயை மட்டும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

குப்புறப் படுக்கை முடிந்தது. இப்போது உட்காரலாம். குமிழி இன்னும் கண்ணுக்குள் ஆடுகிறது. தொழிற்சாலையில் என் மேசையை மே மாதம் வரை காலியாக வைத்திருப்பார்களாம். அதற்குள் பூதக்கண்ணாடி வழியாக மின்பலகையில் பற்றுவைத்த புள்ளிகளை முன்போலப் பார்க்க முடிந்தால் மேசை எனக்கு, இல்லையென்றால் வேறொருத்திக்கு. பதிமூன்று வருஷம் உட்கார்ந்த நாற்காலி அண்ணி. ஒரு கால் ஆடும், அட்டையை மடித்து வைத்திருப்பேன். அந்த அட்டையைப் பற்றிப் புதியவளுக்கு யார் சொல்வார்கள் என்று யோசித்து அழுதுவிட்டேன். அழக் கூடாதாம், கண்ணுக்கு ஆகாது.

கேசட்டுகளை மூன்று முறை கேட்டாயிற்று. புது எழுத்தாளர் கெட்டிக்காரர். சமையல்பெட்டியின் வெப்பத்தை எட்டாவது பெட்டிக்குத் திருப்புகிற இடம் பிரமாதம். அதை இருபத்தாறு நாவல்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஆனால் உப்புத்தூசி எந்திரத்துக்குள் போன மறுநாளே எந்திரம் ஓடுகிறது. துடைத்தது யார்? எதை வைத்து? ஆயிரங்கால் வாசகர்களுக்கான நம் சுற்றிதழின் ஆசிரியர், அந்த மருந்துக்கடைக்காரர், கட்டாயம் பிடிப்பார்.

எனக்கு ஒரு சந்தேகம். எட்டாம் அத்தியாயத்தில் எல்லோரும் திசைக்காரியிடம் தேவைக்கு மேல் அன்பாக இருக்கிறார்கள். இப்படி அன்பு காட்டினால் அவளுக்கு ஏதோ நடக்கப்போகிறது. ஒளிக்காமல் வாசியுங்கள்.

உங்கள் வாசிப்பில் ரசித்தது பக்கம் புரளும் சத்தம்தான். விரலை நாக்கில் தொட்டு, சரக் என்று புரட்டுகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் புத்தகம் என் மடியில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

(தையல்காரி: எனக்கும் இப்போது கதை கொஞ்சம் பிடிபடுகிறது. அந்தச் சமையல்காரர் நல்ல மனுஷர்.)

உங்கள் பூதக்கண்ணாடி


மார்ச் 1

பூதத்துக்கு,

நலம். நீயும் நலமாய் இருப்பாய். மீதி ஆறு கேசட்டும் அனுப்பியிருக்கிறேன், இருபது அத்தியாயமும் முடிந்தது. பத்தொன்பதாம் அத்தியாயம் மற்றதைவிடச் சின்னது, குழம்ப வேண்டாம். புத்தகம் இங்கேயே இருக்கட்டும், படிக்கக் கூடாதபோது அனுப்பி என்ன பண்ண. நிலையத்தில் இரண்டு பேர் விடுப்பு, வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

கண்ணைத் தேய்க்காதே.

அண்ணி


மார்ச் 24

பூதத்துக்கு,

மூன்று வாரமாகிறது. கேசட் கிடைத்ததா? கிடைத்தது என்று ஒரு வரி போட்டாலும் போதும். குமிழி கரைந்துவிட்டதா? டாக்டர் என்ன சொன்னார்? கண்ணைப் பற்றி எதுவாக இருந்தாலும் எழுது.

உன் அண்ணன் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார். முழங்கால் வலியோடு மூன்று மாடி இறங்கி ஏறுகிறார். அப்போது மட்டும் வலி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். குமிழி கரைந்துவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் வருகிறது, உருவம் தெரிகிறது. எழுத்துப் பலகையில் முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார் டாக்டர்.

கேசட் எல்லாம் கேட்டேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தையும் கேட்டேன். 'உப்பு நிலவு' பற்றி என் கருத்தை எழுதவைத்துச் சுற்றிதழுக்கு அனுப்பியாயிற்று. மே இதழில் வரும். பெரும்பகுதி பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பற்றித்தான். வந்ததும் படியுங்கள்.

அண்ணனை மாடி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

(தையல்காரி: நான் எதுவும் சொல்லக் கூடாதாம். அதனால் சொல்லவில்லை.)

பூதக்கண்ணாடி


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய சுற்றிதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் பதினாறு வருஷச் சந்தாதாரர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன்.

என் நாத்தனார் 'உப்பு நிலவு' பற்றி உங்களுக்குக் கட்டுரை அனுப்பியிருக்கிறாள். தயவுசெய்து அதை அச்சிடாதீர்கள். அவள் கருத்துச் சொல்லியிருக்கும் பத்தொன்பதாம் அத்தியாயம் புத்தகத்தில் இல்லை. அதை நான்தான் சொன்னேன்.

அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன். படிக்க முடியாததால் நான் வாசித்து கேசட்டில் அனுப்பினேன். பதினெட்டு அத்தியாயம் ஒரு வார்த்தை மாறாமல் வாசித்தேன். பத்தொன்பதில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உப்பு நிலவின் வெளிச்சத்தில் திசைக்காரியின் பார்வை போகிறது, 'கருவி பார்க்க முடியாதவர் சக்கரம் பிடிக்கக் கூடாது' என்று அவளை நிலவிலேயே இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. இதை, கண்ணில் கட்டோடு உட்கார்ந்து, வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் இருக்கிற பெண்ணுக்கு எப்படி வாசிப்பது? மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் முதல் பக்கத்திலேயே பதிவை நிறுத்திவிட்டேன். கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பதிந்துவிட்டேன்.

இது அச்சில் வந்தால் நாற்பது சந்தாதாரரும் சிரிப்பார்கள், அது போகட்டும். அவளிடம் மறைத்தவர்களை அவள் மன்னிப்பதில்லை. சொந்த அண்ணனோடேயே ஒன்றரை வருஷம் பேசாதவள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. இவள்தான்.

இப்படிக்கு,
சந்தாதாரர்


ஏப்ரல் 20

அன்புடையீர்,

நலம். தங்கள் கடிதத்தை மருந்துக்கடையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். அந்த நேரத்தில் ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகத் தலைவலித் தைலம் கொடுத்துவிட்டேன், நல்லவேளை அவர் திரும்பி வந்தார்.

அச்சான நாவலின் ஒரு அத்தியாயத்தையே மாற்றி வாசித்துவிட்டதாக ஒப்புக்கொண்ட முதல் வாசகர் நீங்கள்தான். நம் பொதுவிதிகளில் இதற்குத் தண்டனை ஏதும் இல்லை. யாருக்கும் தோன்றியிருக்காது.

கட்டுரையை நிறுத்த முடியவில்லை. அச்சகத்துக்குப் போய்விட்டது. ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று எழுதியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நீங்கள் பயப்படுவதில் ஆச்சரியமில்லை, நானும் பயப்படுகிறவன்தான். சுற்றிதழ் உங்கள் இருவருக்கும் மே முதல் வாரத்தில் வந்து சேரும். அதற்கு முன் நீங்களே அவருக்கு எழுதிவிடுவது நல்லது. இதை ஆசிரியராகச் சொல்லவில்லை.

ஆசிரியர்


ஏப்ரல் 25

என் பூதத்துக்கு,

இந்தக் கடிதத்தைத் தையல்கார அக்கா படித்துக் காட்டும்போது அவர் முன்னாலேயே என்னைத் திட்டிவிடு, பரவாயில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயம் பொய். திசைக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைப்பது, ஒவ்வொரு பெட்டியின் அதிர்வும் காலில் ஏறுவது, அதை வைத்துக் கப்பலைத் திருப்புவது எல்லாம் நானாகச் சொன்னது. கப்பல்தலைவன் அவளிடம், "நீ சொல்லு, உன்னால முடியுமா?"ன்னு கேட்பதும் நான் சொன்னதுதான். புத்தகத்தில் அவளை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உன் நல்லதுக்காகச் செய்தேன் என்று எழுத வந்தேன். எழுதி அடித்துவிட்டேன். அது உன் அண்ணன் சொன்ன வார்த்தை. உண்மை என்னவென்றால், எனக்குத்தான் அதை வாசிக்கத் தைரியம் இல்லை.

புத்தகத்தைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பதில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை, கொஞ்சம் நனைந்திருக்கிறது. நீ பேசாமல் இருந்தாலும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அண்ணி


சுற்றிதழ், மே
'உப்பு நிலவு': ஒரு வாசகியின் கருத்து

இந்த நாவலை நான் படிக்கவில்லை, கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பதினெட்டு அத்தியாயங்கள் நம் வரிசையில் வந்த நல்ல எழுத்தில் சேரும். உப்பைத் துடைத்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் அத்தியாயம் விதிப்படி சரி. பிழை தேடினேன், ஒன்றுகூட இல்லை. ஆனால் முப்பது பக்கத்தில் ஒருவர்கூடத் திசைக்காரியிடம், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்கவில்லை. கூடிப் பேசுகிறார்கள், முடிவு பண்ணுகிறார்கள், அன்பாக மூட்டை கட்டித் தருகிறார்கள். இருபத்து மூன்று நாவலாகக் கப்பலை ஓட்டியவள் அதற்குத் தலையாட்டுகிறாள். இவளை எனக்குத் தெரியாது.

இந்த அத்தியாயத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஒரு பேருந்து நிலைய அறிவிப்பாளர். அதில் கப்பல்தலைவன் கேட்கிறான். அவள் யோசிக்கிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், காலால் கப்பலை அறிகிறாள். நடுவில் மூன்றாம் மேடையிலிருந்து ஒரு வண்டி கிளம்புகிறது. அதுவும் கதைக்குப் பொருந்துகிறது.

விதிப்படி இது தப்பு. ஒரு பெட்டியின் அதிர்வு அடுத்த பெட்டிக்குப் போகாது என்பது பொதுவிதி ஆறு. அந்த விதிக்காக நான் இதே இதழில் நான்கு எழுத்தாளர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது சந்தாதாரர்கள் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன்: ஆறாம் விதியை மாற்ற வேண்டும்.


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

இது என் கையெழுத்து. வரி கொஞ்சம் மேலே ஏறும், கீழே இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தையல்கார அக்காவுக்கு இன்று வேலை இல்லை, அதில் அவருக்குக் கோபம். சமையல்காரருக்கு அடுத்த நாவலில் என்ன ஆகும் என்று எழுதிக் கேட்கச் சொல்கிறார்.

உங்கள் கடிதம் சுற்றிதழுக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. நான்தான் மௌனமாக இருந்தேன். நீங்கள் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

எனக்கு மார்ச் மாதமே தெரியும் அண்ணி. முதல் பதினெட்டு அத்தியாயங்களில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சரக் என்று பக்கம் புரள்கிறது. பத்தொன்பதில் இருபத்தைந்து நிமிஷம் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. இருபதில் மறுபடி புரள்கிறது. உடனே அக்காவை நூலகத்துக்கு அனுப்பிப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, அந்த அத்தியாயத்தைப் படிக்கவைத்தேன். அவர் படித்துக்கொண்டே அழுதார். நான் அழவில்லை. கோபம் வந்தது. நீங்களும் என்னைக் கேட்காமல்தானே முடிவு பண்ணினீர்கள்? பத்து நாள் உங்கள் பெயரை எடுக்கவில்லை.

அப்புறம் பரிசோதனை நாள் வந்தது. இரண்டாவது வரி எறும்பாக ஊர்ந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் கேசட்டைத்தான் போட்டேன். புத்தகத்தை இல்லை. அவள் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் டர்ர்ர் என்று உங்கள் கூண்டுக் கண்ணாடி அதிர்கிறது. அதில் விரல் வைத்துத்தான் இதைச் சொன்னீர்கள், இல்லையா? அது எங்கிருந்து வந்தது என்று புரிந்த பிறகு என்னால் கோபமாக இருக்க முடியவில்லை. அண்ணன் என்னிடமிருந்து ஒன்றை ஒளித்துவைத்தான். நீங்கள் உங்களிடமிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள்.

இப்போது கண்ணைப் பற்றி. நாலாவது வரி வரை படிக்கிறேன். நேர்கோடு கொஞ்சம் வளைகிறது, அது அப்படியேதான் இருக்குமாம். பழைய மேசை போயிற்று. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "எங்க உட்கார விருப்பம், நீங்களே சொல்லுங்க"ன்னார். சோதனை மேசையைக் கேட்டேன். அங்கே மின்பலகையை எந்திரத்தில் மாட்டினால் பச்சையோ சிவப்போ எரியும், அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. பழைய நாற்காலியையும் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அட்டையோடு. திங்கட்கிழமை போகிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், நம்புங்கள்.

உங்கள் பார்சலும் வந்தது. பத்தொன்பதின் ஓரத்தில் நீல மையில் எழுதிவிட்டேன். என்னவென்று புத்தகம் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு என் அன்பு. அவன் முழங்காலுக்கும்.

இருபத்தெட்டாவது நாவல் செப்டம்பரில் வருகிறதாம். முறைப்படி முதலில் நான்தான் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி படிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். இருந்தாலும் புத்தகம் உங்களிடமே வரட்டும். கூண்டில் உட்கார்ந்து வாசித்து அனுப்புங்கள். வாசிக்க முடியாத இடம் வந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கேட்கும்.

உங்கள் பூதக்கண்ணாடி